கழுதை நின்ன இடம்

கழுதைக்குப் பிடிவாதம்னு மேடையேறிச் சொன்னீங்கல்ல, அது எங்க நின்னுச்சு, யாருக்காக நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா? விசாரிக்கல. அப்ப கேட்டுக்குங்க.

மிருகமும் மனுஷனும் ஒரே பேச்சு பேசிக்கிட்டிருந்த காலம் அது. குரோஷியாவுல ஒரு மலைக்கோட்டை. அதுக்குத் தளபதி ஸ்டிபான். மலையைச் சுத்தி ஒட்டோமான் சுல்தானோட படை மொய்ச்சுக் கிடக்குது. கோட்டை விழுந்தா பின்னாடி இருக்கற அத்தனை ஊரும் போச்சு. ஆனாலும் ஸ்டிபான் அசரல.

சுல்தான் ஆளுங்க பூமிக்கடியில சுரங்கம் வெட்டி, வெடிமருந்து வெச்சுச் சுவரைத் தூக்கிருவாங்க. அதைக் கண்டுபிடிக்க ஸ்டிபான் ஒரு வழி வெச்சிருந்தார். முரசைத் தரையில வெச்சு, மேல காஞ்ச பட்டாணியைப் போட்டுருவார். கீழ கடப்பாரை விழுந்தா மேல பட்டாணி துள்ளும். எல்லாப் பக்கமும் முரசு வெச்சவர் வடக்குல மட்டும் வைக்கல. முழுப் பாறை, இங்க எவன் தோண்டுவான்னு விட்டுட்டார். அங்கதான் தப்பு பண்ணார்.

கிணத்துல இருந்து மேல் கொத்தளத்துக்குத் தண்ணி சுமக்கிறவ சிவ்கா. சொன்ன பேச்சு தட்டாத கழுதை. அன்னைக்குக் காலையில வடக்குச் சுவரோரம் வந்தவ, அங்க நின்ன ஸ்டிபானைப் பார்த்து, "தளபதி, என் குளம்புக்குக் கீழ யாரோ தோண்டுறாங்க"ன்னா.

கயித்தைப் பிடிச்சிருந்த வீரன் தோமா விழுந்து விழுந்து சிரிச்சான். "அது உன் வயிறுடி, புல்லு கேக்குது"ன்னான். ஸ்டிபானும் சிரிச்சுட்டார். மேல பீரங்கிக்காரங்க தண்ணிக்குக் கத்துறாங்க, நடன்னார்.

சிவ்கா திரும்பவும் சொன்னா. யாரும் காதுல வாங்கல. அவ்வளவுதான், வாயை மூடிக்கிட்டு நாலு காலையும் ஊனி நின்னுட்டா. தோமா இழுத்தான், பின்னாடி போய்த் தள்ளினான், அடிச்சான். நகரல.

ஸ்டிபானே குச்சியை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. இத்தனை வருஷமா முகம் சுளிக்காம நடந்தவ, இன்னைக்கு அடி வாங்கிக்கிட்டு நிக்கிறாளேன்னு அவருக்கு உறைச்சது. குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு முரசைக் கொண்டாரச் சொன்னார்.

பட்டாணி துள்ளுச்சு.

அங்கேயே தோண்டினாங்க. பாறை வெடிப்பு வழியா சுரங்கம் வந்திருக்கு, உள்ள வெடிமருந்துப் பீப்பாயா அடுக்கியிருக்கு. சிவ்கா முதுகுல இருந்த தண்ணியை மொதல்ல ஊத்தினாங்க, அப்புறம் கிணத்தையே இறைச்சு ஊத்தினாங்க. மருந்து ஊறிக் கூழாப் போச்சு. சுவர் நின்னுச்சு. சுரங்கம் பாழானதும் வந்த படை கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுத் திரும்பிருச்சு.

ஸ்டிபான் அத்தனை வீரர்களுக்கு முன்னாடியும் சிவ்காகிட்ட மன்னிப்புக் கேட்டார். இனிமே நீ சொல்றதை நம்புவேன், சொல்லு தாயின்னார்.

"பேசினப்ப சிரிச்சீங்க. நின்னப்பதான் நம்பினீங்க. இனிமே பேச்சு எதுக்கு தளபதி? நிக்கிறேன்."

கழுதை கடைசியாப் பேசினது அதுதான். அன்னையிலிருந்துதான் எந்தக் கழுதையும் வாய் திறந்து பேசுறதில்ல, கால் வைக்கிற மண்ணு சரியில்லன்னா எவ்வளவு அடிச்சாலும் நகர்றதில்ல. ஸ்டிபான் எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கிட்டார். நீங்களும் அதே மேடையில ஏறி, எல்லார் காதுலயும் விழற மாதிரி பதில் சொல்லுங்க: அன்னைக்குப் பிடிவாதம் பிடிச்சது யாரு?