மாமனாருக்கு நடந்த பூசை

மருதங்காட்டு அரசர் மழவராயருக்குப் பக்தி அதிகம். இதை ஊரில் வேறு யாரும் சொன்னதில்லை, அவரே சொல்லிக்கொள்வார். கொட்டாவி விட்டால் சிவசிவா, ஏப்பம் விட்டால் சிவசிவா. கோயில் வாசலைத் தாண்டும்போது பல்லக்கை நிறுத்தமாட்டார், திரைக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு. அது சாமிக்குப் போய்ச் சேர்ந்ததா, பல்லக்குத் தூக்குகிறவன் முதுகுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது.

அரண்மனைக் களஞ்சியத்தில் எது கெட்டாலும் அதற்குப் போக்கிடம் உண்டு. காறிப்போன நெய்யா, சாமி விளக்குக்கு. எலுமிச்சங்காய் அளவில் காய்த்த தேங்காயா, சாமிக்கு. சாண் அகலத்தில் சல்லடையாகத் தெரிகிற துணியா, அதுவும் சாமிக்கு. வண்டு விழுந்த அரிசியை மாட்டுக்கு வைத்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாமியால் திருப்பிக்கொள்ள முடியாது, பாவம், அவரைக் கல்லில் அல்லவா செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த அரிசி மூட்டை மூட்டையாகக் கோயிலுக்குப் போனது.

ஒருநாள் கோயில் பொங்கல் அரசருக்கு வந்தது. மிளகு என்று கடித்தது மிளகில்லை. கோயில் சமையற்காரர் சாம்பய்யரைக் கூப்பிட்டார்கள்.

"இது என்னவய்யா?"

"வண்டு, மகாராஜா. அரண்மனையிலேர்ந்து வர்ற அரிசியே அப்படித்தான் இருக்கு. நாலு தரம் புடைக்கறேன், அஞ்சு தரம் களையறேன், போகமாட்டேங்கறது. சாமிக்குக் கொஞ்சம் நல்ல அரிசியா அனுப்பச் சொன்னா புண்ணியமாப் போகும்."

சபையில் இத்தனை பேர் முன்னால் இதைச் சொல்லலாமா? அரசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"சாமியே ஒண்ணும் சொல்லல, உமக்கு என்ன வந்துது? வர்ற வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள குடும்பத்தோட ஊரைவிட்டுப் போயிடும்."

சாம்பய்யருக்கு வயது அறுபது. மனைவி படுத்த படுக்கை. அவளைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவார்? துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சபையில் வேடிக்கையாகப் பேசிச் சம்பளம் வாங்குகிற தாண்டவன் எழுந்தான். "மகாராஜா, அவர் சொன்னதுல தப்பு..."

"நீ சும்மா இரு தாண்டவா. கோயில்ல இருக்கறவர் நம்ம சாமி. இதுக்கெல்லாம் கோவிச்சுக்கமாட்டார்."

மேலே பேசினால் சாம்பய்யரோடு தானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தாண்டவன் உட்கார்ந்துவிட்டான்.

அதே வெள்ளிக்கிழமை அரசருடைய மாமனார் சேதிராயர் வருவதாகச் சேதி வந்தது. யானைக்கும் அஞ்சாத மழவராயர் அஞ்சுகிற ஒரே ஆள் அவர். அரசர் தாண்டவனை அழைத்தார்.

"நான் காலையில வேட்டைக்குப் போறேன். திரும்பி வர்ற வரைக்கும் மாமாவை நீதான் பாத்துக்கணும். சாமியை எப்படிக் கவனிப்போமோ அப்படிக் கவனி. குறை வந்தா உன் தலை இருக்காது."

"அப்படியே செய்யறேன் மகாராஜா. இம்மி பிசகாது" என்றான் தாண்டவன்.

உச்சி வெயிலில், கொலைப் பசியோடு சேதிராயர் வந்து இறங்கினார். தாண்டவன் அவரைக் கிழக்கே பார்த்து ஒரு கல் பீடத்தில் உட்காரவைத்தான். தலையில் நாலு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றினான். அவர் மூச்சுத் திணறி முடிப்பதற்குள் சாண் துணி ஒன்றை இடுப்பில் சுற்றினான். அது முன்னால் மறைத்தால் பின்னால் மறைக்கவில்லை.

பிறகு இலை வந்தது. சேதிராயர் ஆவலோடு கையை நீட்டினார். திரை விழுந்தது, மணி அடித்தது, இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார்கள். திரை விலகியபோது இலையைக் காணோம்.

"எங்கய்யா சோறு?"

"நைவேத்தியம் ஆச்சுங்க. நீங்க பாத்தாப் போதும். சாப்பிடறதை நாங்க பாத்துக்கறோம்."

அடுத்து அதிகாரிகள் வரிசையாக வந்தார்கள். தாண்டவன்தான் சொல்லி வைத்திருந்தான். ஒருவர், "என் பொண்ணுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்தா உங்களுக்கு ஒரு தேங்கா" என்றார். இன்னொருவர், "பக்கத்து வீட்டுக்காரன் கால் ஒடிஞ்சா ரெண்டு தேங்கா" என்றார். சாப்பிட்டீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்தபோது கேட்க ஆளே இல்லை, வேண்டியதைக் கேட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள்.

"நடை சாத்தற நேரமாச்சு. சாயங்காலம் திறக்கறேன்" என்று தாண்டவன் கதவைப் பூட்டினான்.

பொழுது இறங்கும் நேரத்தில் அரசர் வேட்டையிலிருந்து திரும்பினார். உள்ளே கதவு இடிபட்டது. திறந்தால், சாண் துணியோடு நடுங்கிக்கொண்டு மாமனார்.

"தாண்டவா, ஒரு மனுஷனை இப்படியா நடத்துவே?"

"மனுஷனை நடத்தத் தெரியாதா மகாராஜா எனக்கு? நீங்க சாமியைக் கவனிக்கற மாதிரி கவனிக்கச் சொன்னீங்க. துணி, நைவேத்தியம், நடை சாத்தறது, எல்லாம் நம்ம கோயில் வழக்கம். காட்டின சோறுகூட அந்த வண்டு அரிசிதான்."

அரசர் கை வாளுக்குப் போனது. சேதிராயர் இவர்களைப் பார்க்கவேயில்லை. முற்றத்தில் அரசருடைய வேட்டை நாய்கள் வெண்கலத் தட்டுகளில் நெய்ச்சோறு தின்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"மாப்பிள்ளை, அடுத்த தடவை வந்தா, உங்க நாயைக் கவனிக்கற மாதிரி என்னைக் கவனிக்கச் சொல்லுங்க."

காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அரசரும் வேறு வழியில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. வாளிலிருந்து கையை எடுத்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

"ஏன் தாண்டவா, இத்தனை வருஷத்துல சாமி ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னாரே மகாராஜா. சாம்பய்யர் வாயால சொன்னார். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊரைவிட்டுப் போகச் சொல்லிட்டீங்க."

சாம்பய்யரின் வண்டி எல்லையைத் தாண்டுவதற்குள் மறிக்க, அரசர் இறங்கிய குதிரையிலேயே மறுபடியும் ஏறினார்.