கிளிக்கு உறைத்த நாள்

ஓடைக்கரைக் காட்டில் மரகதம் என்றொரு கிளி இருந்தாள். அவள் குடியிருந்த இலுப்பை மரத்தடியில் முயல் சோமையா வளை தோண்டி வாழ்ந்தார். அடைமழைக் காலத்தில் அவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சோமையா கையில் கிடைத்த புல்லைக் கடித்துவிட்டு மூலையில் சுருண்டு கிடந்தார்.

மரகதத்துக்கு மனசு கேட்கவில்லை. தினமும் போய் அடுப்பு மூட்டினாள். சிவப்பு மிளகாயை வறுத்து அரைத்துக் கீரைக் குழம்பு வைத்தாள். தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய்த் துவையல். கிளிகளுக்கு மிளகாயின் காரமே தெரியாது. அதனால் தாராளமாக அள்ளிப் போட்டாள்.

சாப்பிடும்போது சோமையாவின் கண்ணில் நீர் வழிந்தது. மனைவியை நினைத்து அழுகிறார் என்று எண்ணினாள் மரகதம். இன்னும் ருசியாகச் செய்தால் தேறிவிடுவார் என்று மறுநாள் மிளகாயைக் கூட்டினாள். அதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை.

ஒருநாள் காலை அவள் வந்தபோது, சோமையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது. பதறிப்போய் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று மழுப்பினார். அவள் விடவில்லை. கடைசியில், குழம்பின் காரம் வாயிலிருந்து வயிறு வரை எரிக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

"இத்தனை நாளும் ஏண்ணே சொல்லலை?"

"சொன்னா நீ வராம இருந்துடுவியோன்னு பயம், தங்கச்சி. இந்த வீட்ல மறுபடி அடுப்பு எரியறதே உன்னாலதானே."

மரகதத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. சமைத்துப் போடும் சந்தோஷத்தில் அது தோன்றவே இல்லை. தலை குனிந்து அழுதாள்.

அன்று கஞ்சி மட்டும் வைத்துக் கொடுத்தாள். வயிறு ஆறியபின் சோமையாவும் அடுப்பருகே வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு பச்சை மிளகாயைக் கீறி, விதையைத் தட்டிவிட்டுப் போடச் சொன்னார். குழம்பு கொதித்ததும் மரகதம் கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள்.

"போதுமாண்ணே?"

அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். "போதும். இப்பத்தான் கீரை ருசியே தெரியுது. நீயும் உட்காரு, சேர்ந்து சாப்பிடலாம்."

மனைவி போனபிறகு அன்றுதான் சோமையா சிரித்தார்.

அன்பு மிகுந்து ஒருவருக்கு எதைச் செய்தாலும், அது அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுச் செய்ய வேண்டும்.