இசக்கியின் பசி

ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிட இளையவரான மருத்துவர் ரெஜினாவிடம் சர்க்கரை நோய் பற்றிக் கற்றுக்கொள்ள வந்தார் சங்கரலிங்கம். அதுவரை கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். கொழுப்பைப் பகையாகவே நினைத்துப் பழகியவர்.

ரெஜினாவின் வார்டில் இசக்கி என்றொரு பெண் இருந்தாள். பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே உடம்பில் பொட்டுக் கொழுப்பு கிடையாது. கைகளில் நரம்பு புடைத்துத் தெரியும். எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சர்க்கரை இறங்கவில்லை.

ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரியின் சோற்றை அவள் எடுத்துத் தின்பதைச் சங்கரலிங்கம் பார்த்துவிட்டார்.

"பசிக்குய்யா. தின்னுக்கிட்டு இருக்கும்போதே பசிக்கு."

"நாக்கை அடக்கு. திருடித் தின்னா எந்த மருந்து கேட்கும்?"

அதைக் கேட்டிருந்த தாய் பேச்சியம்மாள் அன்றிலிருந்து மகளை விட்டு நகரவில்லை. சோற்றுக்குக் கை நீட்டியபோதெல்லாம் அடித்தாள். மூன்றாம் வாரம் இசக்கியின் கணையம் வீங்கியது. வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனாள்.

சங்கரலிங்கம் ரெஜினாவின் அறைக்குப் போனார்.

"கொழுப்பு கூடினா இன்சுலின் வேலை செய்யாதுன்னு படிச்சேன். இவகிட்ட கொழுப்பே இல்லையே மேடம்?"

"கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அதுல ஒரு ஹார்மோன் சுரக்குது. இருப்பு இருக்கு, போதும்னு மூளைக்குச் சொல்றது அதுதான். ஈரலும் தசையும் இன்சுலினுக்கு இணங்கி நடக்கிறதுக்கும் அது வேணும்."

"இவளுக்கு?"

"சொல்ல ஆளில்லை. தின்னது தங்க இடமில்லாம ஈரல்லயும் ரத்தத்துலயும் கொழுப்பாச் சேர்ந்தது. கணையம் வீங்கினதும் அதாலதான். வயிறு நிறைஞ்சப்பவும் அவ பட்டினி கிடக்கிறதாத்தான் மூளை நினைச்சது."

"அந்த ஹார்மோன் மருந்தாக் கிடைக்காதா?"

"வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டேன். பதில் வரலை." ரெஜினா கண்ணாடியைக் கழற்றினார். "இதை அவ வந்த அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீங்க கேட்பீங்கன்னு இருந்துட்டேன்."

சங்கரலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது தப்பா மேடம்?"

"இல்லை. குறைக்கத்தான் வேணும்."

"அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்கு?"

ரெஜினா ஜன்னலைத் திறந்தார். பிணவறை வாசலில் பேச்சியம்மாள், "திருட்டு முண்ட, சொன்ன பேச்சு கேட்டியாடி" என்று மகளை ஏசி ஏசி அழுதுகொண்டிருந்தாள்.

"போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"என்னன்னு?"

"அவளுக்கு நெஜமாவே பசிச்சதுன்னு."