மஞ்சள் பையில் இருந்த பெயர்

முதல்முறையாகத் தனியே ஊரைவிட்டு வேலைக்குக் கிளம்பிய செங்கமலம் கோவையில் பேருந்தைவிட்டு இறங்கியதும், மோதிரம் மின்ன ஒரு பெரியமனிதர் அவளை வழிமறித்தார்.

“நீ சாயல்குடிப் பொண்ணுதானே? உங்கப்பா நேத்துகூட போன்ல பேசினார். கார்ல ஏறும்மா!”

பக்கத்தில் நின்றவர்களும், “தெரிஞ்சவர்தானே, போம்மா” என்றார்கள்.

“எங்கப்பா பேரைச் சொல்லுங்க ஐயா” என்றாள் உரக்க.

அவர் கண் அவள் கையிலிருந்த மஞ்சள் பைக்குப் போய் வந்தது. “தங்கமாரியப்பன்! எனக்குத் தெரியாதா?”

செங்கமலம் பையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

“இது கல்யாண வீட்டுல தேங்காய் போட்டுக் கொடுத்த பை. இதுல ஊர்ப் பேரோட அச்சடிச்சிருக்கிற தங்கமாரியப்பன் மாப்பிள்ளையோட அப்பா. எங்கப்பா அங்கே பந்தி பரிமாறினவரு!”

கூட்டம் அவர் பக்கம் திரும்புவதற்குள் கார் பறந்துவிட்டது.

இப்போது பல ஊர் போய்வந்துவிட்டாள். பளபளப்பான பெட்டிகூட வாங்கிவிட்டாள். ஆனாலும் அந்தப் பை இல்லாமல் கிளம்புவதில்லை.