குட்டைக்கரையில் ஒலித்த புல்லாங்குழல்

காட்டுக் குட்டையின் கரையில் நின்ற நாவல் மரத்தில் சடைச்சி என்ற மந்தி இருந்தாள். மான்கள் தண்ணீர் குடிக்கும்போது மேலிருந்து காவல் பார்ப்பது அவள் வேலை. சிறுத்தையைக் கண்டால் அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று இருமுவாள். மறுகணமே மான்கள் பாய்ந்து ஓடிவிடும்.

அந்த இருமலைப் பற்றி அவளுக்கு உள்ளூரக் கூச்சம் உண்டு. "அக்கா, தொண்டையில முள்ளு சிக்கிக்கிச்சா?" என்று காட்டுப்பன்றி கேலி செய்யும். வெள்ளச்சி என்ற பெண்மானோ, இருமலைக் கேட்டால் தன் குட்டி பயந்துபோய்ப் பாலே குடிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள். அப்படிக் குறை கேட்ட நாளெல்லாம் சடைச்சிக்குத் தின்ற பழம் இறங்காது.

ஒருநாள் மலைப்பாதையில் போன கச்சேரி வேனின் கூரையிலிருந்து ஒரு கீபோர்டு நழுவி விழுந்தது. பேட்டரியில் ஓடுவது. சடைச்சி அதை இழுத்துவந்து மரக்கவட்டில் வைத்தாள். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அதில் வரிசையாக இருந்த வெள்ளைக் கட்டைகளில் ஒன்றைத் தட்டினால் வயலின் கேட்டது. வேறு பொத்தானை அழுத்தினால் அதே கட்டையில் நாகசுரம்.

"இனி இதுலயே சத்தம் கொடுக்கிறேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

எல்லாம் கூடின. பன்றி மிருதங்கம் வேண்டும் என்றது. மயில் வயலினுக்கு ஆடிக் காட்டியது. புல்லாங்குழல் ஒலித்தபோது மான்கூட்டம் மொத்தமும் தலையசைத்தது. வெள்ளச்சியின் குட்டி தாய்மேல் சாய்ந்து கண்களை மூடியது. அதையே வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. குழல் கேட்டால் சிறுத்தை வருகிறது என்று பொருள். ஒன்றுக்கு இரண்டுமுறை எல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டன. முதன்முதலாகக் கிடைத்த பாராட்டில் சடைச்சிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

நான்காம் நாள் மாலை. கோரைப்புல்லுக்குள் ஒரு வால்நுனி அசைந்தது. சடைச்சி கட்டையை அழுத்தினாள். குழலோசை தண்ணீரின் மேல் பரவியது.

மான்கள் தலை தூக்கின. அதன் பொருள் அவற்றுக்குத் தெரியும். ஆனாலும் கால்கள் நகரவில்லை. காதுகள் மட்டும் மரத்தின் பக்கம் திரும்பின. குட்டி, ஓசை வந்த திசையைப் பார்த்து நான்கடி முன்னால் வந்தது. சரியாகக் கேட்கவில்லையோ என்று பதறிய சடைச்சி கட்டையை மறுபடியும் அழுத்தினாள். இசை நீண்டது.

புல் விலகியது. அப்போது அவள் தொண்டையிலிருந்து இருமல் தானாகவே வெடித்தது. என்ன ஏதென்று நினைக்கும் முன்பே மான்கள் பறந்துவிட்டன. குட்டி மட்டும் சிறுத்தையின் பிடியில் இருந்தது.

மறுநாள் வெள்ளச்சி தனியாக மரத்தடிக்கு வந்தாள். சடைச்சி திட்டு வாங்கக் காத்திருந்தாள். வெள்ளச்சி திட்டவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு சடைச்சி. அதான் நின்னு கேட்டேன்."

சடைச்சி கீபோர்டைத் தொட்டு, இந்தப் பெட்டியைத் தள்ளிவிடட்டுமா என்று கேட்டாள். அது எங்கே கிடந்தால் தனக்கென்ன என்றாள் வெள்ளச்சி.

"தாகமா இருக்கு. நான் குடிக்கப் போறேன். நீ பழையபடி இருமுவியா?"

"இருமுறேன்."

வெள்ளச்சி தண்ணீரில் வாயை வைத்தாள். சடைச்சி புல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆபத்தைச் சொல்ல வேண்டியவர் பாராட்டு வாங்கும் குரலைத் தேடாமல், கேட்டவுடன் ஓடவைக்கும் குரலிலேயே சொல்ல வேண்டும்.