சகானாவுல வந்த ரயில்

மறதின்னு சொல்லாதீங்க சார். சரணத்துல ரெண்டாவது வரி முடிஞ்சதும் பாடாம ஒரு ஆவர்த்தனம் வெறும் தாளம் போட்டேன். வாஸ்தவம். போட்டிக்கு ஜட்ஜ் நீங்க, மார்க்கைக் குறைங்க. ஆனா "இவ டீச்சருக்கே பாடம் தெரியல"ன்னு மைக்குல சொன்னீங்களே, அது எந்த ஊர் நியாயம்?

அந்த இடைவெளியை எடுத்துட்டா ஞாயித்துக்கிழமை கச்சேரி எனக்குன்னும் சொன்னீங்க. உங்க சபை மேடைக்குக் கீழ உக்காந்து கேட்டே வளந்தவ நான். எனக்கு ஆசை இருக்காதா?

அதான் நேரா டீச்சர்கிட்ட சண்டைக்குப் போனேன்.

ரெஜினா டீச்சர் வெண்டைக்காய் நறுக்கிட்டிருந்தாங்க. பாட்டு நடுவுல எதுக்கு ஓட்டைன்னு கத்துனேன். அவங்க கத்தியை வெச்சுட்டு நான் போட்டியில பாடுன அதே சகானா ராகப் பாட்டைப் பாடுனாங்க. அந்த வரி முடிஞ்சதும் நிறுத்துனாங்க. வலது கை தொடையில தாளம் போடுது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்குது. இடது கையை லேசா ஆட்டிட்டு, அடுத்த வரியை எடுத்தாங்க.

"யாருக்கு டாட்டா காட்டறீங்க?"

"ரயில் கார்டுக்கு."

அவங்க பாட்டு கத்துக்கிட்டது ரயில்வே கேட்டை ஒட்டுன வாத்தியார் வீட்டுலயாம். இந்த வரிக்கு வர்றப்ப சாயங்கால பாசஞ்சர் வந்துருமாம். வண்டி லேட்டுன்னா வாத்தியார் அனுபல்லவியை இன்னொரு தரம் பாட வெச்சுடுவாராம். அலமாரியில டம்ளரெல்லாம் கிடுகிடுன்னு ஆடும். ஹாரன் சுருதியில சேராது, வாத்தியார் மூஞ்சியைச் சுளிப்பார். கூடப் படிச்ச பொற்கொடி, தம்புராவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே கார்டுக்குக் கையாட்டுவா. அவரு பச்சைக் கொடியை ஆட்டுவாரு. யாரும் தாளத்தை மட்டும் விடக் கூடாது. வண்டி போனதும் அடுத்த வரி. அப்படியே பாடம் ஆயிடுச்சு.

உங்களுக்குத் தெரியாத கீர்த்தனையா, பிடிச்சது எதுன்னா இதையே சொல்றீங்களே, ரயிலுக்காகவான்னு கேட்டேன்.

"பாட்டும் நல்லாத்தான்டி இருக்கு"ன்னாங்க.

எனக்குக் கோபம் அடங்கல. வாத்தியார் போயிட்டாரு, பொற்கொடி எங்க இருக்காங்கன்னே தெரியாது, அந்த லைனையும் மூடிட்டாங்க.

"இப்பதான் ரயிலே வர்றதில்லையே டீச்சர். அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?"

அவங்க ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியைக் கிள்ளுனாங்க.

"வந்துட்டிருந்தா அதுவே நிறுத்திடும். இப்ப நாமதானே நிறுத்தணும்."

நானும் பக்கத்துல உக்காந்து அதே வரியைப் பாடி, நிறுத்துனேன் சார்.

நான் நிறுத்தித்தான் பாடுவேன். அதனால மேடை இல்லேன்னா இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை சபை நிறைஞ்சிருக்கும், நானும் முன் வரிசையில இருப்பேன். உங்களுக்கு உசுரான பாட்டுன்னு ஒண்ணு இருக்குமில்ல? அதைப் பாடறப்ப உங்களுக்கு யாரு ஞாபகம் வருவாங்க? மைக்குல பேசுன நீங்க, அன்னிக்கு மைக்குலயே பதில் சொல்லுங்க.