எங்கே அறும்?

ஒரு காட்டில் ஆறு திடீரென்று பெருகி, மந்தி ஒன்றை இக்கரையிலும் அதன் குட்டியை அக்கரையிலும் பிரித்துப் போட்டுவிட்டது.

"அம்மா!" என்று குட்டி கூப்பிடும். "இருக்கிறேன், கண்ணே!" என்று மந்தி கத்தும். பாதிச் சொல் வெள்ளத்தின் இரைச்சலில் போய்விடும். பிள்ளையைத் தொட முடியாத கைகளை மடியில் போட்டுக்கொண்டு மந்தி ஏங்கிக் கிடந்தது.

இக்கரையில் இருந்த கருங்குரங்கு ஒன்று காட்டுக்கொடிகளை முறுக்கிப் பாலம் கட்டியது. கொக்குகள் நுனியைத் தூக்கிப்போய் அக்கரை மரத்தில் சுற்றின. கருங்குரங்கு கெட்டிக்காரக் குரங்குதான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம். யாராவது குறை சொன்னால் பொறுக்காது.

அந்தக் காட்டில் பாலம் கட்டி முடிந்ததும் எல்லா மிருகங்களும் கூட்டமாக வந்து பார்ப்பது வழக்கம். முதலில் யானை பார்த்தது.

"பிரமாதம்!"

"பிரமாதம்!" என்றது கரடி, பாலத்தைப் பார்க்காமல் யானையைப் பார்த்து. மற்றவையும் ஆமாம் போட்டன. சென்ற மழைக்காலத்தில் இப்படிப் பார்த்த பாலம்தான் நடு ஆற்றில் அறுந்து ஒரு முயலை வெள்ளத்துக்குப் பலி கொடுத்தது.

"அம்மா, வரட்டுமா?" குட்டி பாலத்தில் கால் வைத்தது.

'வா, வா' என்று மந்தியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயோ, "நில்! இன்று வேண்டாம்!" என்றது.

குட்டி அழுதது. மந்தியும் அழுதது.

"என் வேலையில் நம்பிக்கை இல்லையா?" என்று கருங்குரங்கு சீறியது.

"உங்களைக் குறை சொல்லவில்லை, அண்ணா. நன்றாக இருக்கிறதா என்று கூட்டத்தைக் கேட்டால், ஒருவர் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். எங்கே அறும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள்."

கருங்குரங்கு முறைத்தது. பிறகு அக்கரையில் அழும் குட்டியைப் பார்த்தது. "சரி. எங்கே அறும்?" என்று தானே கேட்டது.

மரங்கொத்தி பறந்துபோய் மரத்தைத் தட்டிப் பார்த்தது. "அக்கரை மரம் உள்ளே உளுத்திருக்கிறது."

எலி கொடிகளை மோந்து பார்த்தது. "நடுவில் ஒரு கொடி காய்ந்து கிடக்கிறது."

யானை நெடுநேரம் யோசித்தது. "உண்மையைச் சொன்னால், எனக்குக் கொடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இழுக்கத்தான் தெரியும்" என்று தும்பிக்கையால் ஓர் இழுப்பு இழுத்தது.

பாலம் படீரென்று நடுவில் அறுந்து வெள்ளத்தோடு போயிற்று. அதன்மேல் யாரும் இல்லை.

கருங்குரங்கு பச்சைக்கொடி தேடிப் போயிற்று. வேறு மரத்தில், புதிதாகப் பாலம் கட்டியது. கட்டியதும், "எங்கே அறும்?" என்று மறுபடியும் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டது. மரங்கொத்தி தட்டியது, எலி மோந்தது, யானை இழுத்தது. பாலம் அசையவில்லை.

"இப்போது வா, கண்ணே!" என்றது மந்தி.

குட்டி ஓடி வந்தது. இத்தனை நாளும் வெறுமனே கிடந்த அந்தக் கைகள் அதை வாரி இறுக்கிக்கொண்டன.

நீதி: குறையைத் தேடிச் சொல்பவன் பகைவன் அல்லன், கூட்டத்தோடு சேர்ந்து புகழ்பவன் துணையும் அல்லன்.